மணலோடு வந்த அயிரை

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழிந்துவரும் ஆற்று மீன்கள் எங்கெங்கே மிச்சம் இருக்கின்றன என்று ஊர் ஊராக விசாரிக்கிறாளாம். பாலாற்று மணலில் அயிரையைக் கடைசியாக எந்த இடத்தில் பார்த்தீர்கள் என்று கேட்டாள்.

"எங்க வூட்டு வாசல்லம்மா" என்றேன்.

கேலி செய்கிறேன் என்று நினைத்து அவள் முகம் சுருங்கிவிட்டது. கேலி இல்லை. உண்மையிலேயே அங்கேதான் பார்த்தேன்.

அப்போது நான் நான்காம் வகுப்பு படித்தேன். சித்தப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தறி இருந்த கூடத்துக்கு மேலே அவருக்காக ஓர் அறை எழுப்பத் தொடங்கியிருந்தோம். முதல் லோடு மணல் தண்ணீர் சொட்டச் சொட்ட லாரியில் வந்து இறங்கியது. அப்பா குவியலின் மேல் கற்பூரம் ஏற்றினார். கற்பூரத்துக்குப் பக்கத்திலேயே மணல் நெளிந்தது. விரல் நீளம்கூட இல்லாத அயிரைகள், மணலின் நிறத்திலேயே உடம்பெல்லாம் புள்ளியோடு துள்ளின.

"ஈர மணலுன்னா அப்படித்தான் இருக்கும். கொழம்பு வெச்சி துன்னுங்க" என்று லாரிக்காரர் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் ஒரு பிடி மணலை அள்ளி அவர்மேல் வீசினேன். அம்மா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

அப்பா பதறிப்போனார். "வூடு கட்டச் சொல்லோ ஒரு உயிர் போவக் கூடாதுப்பா. எல்லாத்தையும் பொறுக்கி ஆத்துலயே வுட்டுட்டு வந்துடு" என்று சித்தப்பாவிடம் சொன்னார். வீடே உட்கார்ந்து மணலைக் கையால் கிளறியது. சித்தப்பா பட்டு அலசும் வாளியைக் கொண்டுவந்தார். அதில் சலவைச் சோடா வாடை இருக்கும் என்று அப்பாவே அதைத் தள்ளிவிட்டு, குடிதண்ணீர்க் குடத்தைக் கொடுத்தார். அவ்வளவு கருணை. காலில் மிதிபட்டுச் செத்த ஒன்றிரண்டுக்குக்கூடத் தோஷம் கழிக்கக் கோயிலுக்குப் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தார். அயிரைக்கும் பல்லிக்கும் என்ன கணக்கோ, எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள்.

சித்தப்பா வண்டி ஓட்ட, நான் பின்னால் குடத்தைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த இடம்தான். வெள்ளம் வந்தால் அயிரை ஆறு முழுக்கப் பரவிவிடும். கோடையில் ஆற்றின் இந்த வளைவுக்குத்தான் திரும்பி வரும். இங்கே மணலுக்கு அடியில் ஊற்று இருந்தது. கணுக்கால் தண்ணீரில் நின்றால் மணலுக்குள்ளிருந்து மூக்கை நீட்டிக் காலைக் கூசவைக்கும். நிழல் பட்டால் போதும், மறுபடி மணலுக்குள் புகுந்துவிடும்.

அன்றைக்கு அங்கே மணல் இல்லை. பெரிய பள்ளம்தான் இருந்தது. பக்கத்தில் மணல் அள்ளும் இயந்திரமும், வரிசையாக லாரிகளும் நின்றன. பள்ளத்தின் அடியில் களிமண்மேல் கொஞ்சம் கலங்கல் தண்ணீர் கிடந்தது. குடத்தை அதில்தான் கவிழ்த்தேன். அயிரைகள் கரையோரமாக இறங்கி மூக்கால் தரையை முட்டின. விலகின. வேறு இடத்தில் போய் முட்டின.

"ஆத்துல வுட்டாச்சில்ல, பொழச்சிக்கும்மா" என்றார் சித்தப்பா. அதே மூச்சில், வரிசையில் நின்ற எங்கள் லாரிக்காரரைப் பார்த்து, "நாளைக்கி இன்னொரு லோடு போடுப்பா. இதே எடத்து மணலே இருக்கட்டும்" என்றார்.

வழியெல்லாம் நான் லாரிக்காரரைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். அப்பாவையும் சித்தப்பாவையும் போல நல்லவர்கள் காஞ்சிபுரத்திலேயே கிடையாது என்று நம்பினேன். மீனைத் திருப்பிக் கொடுத்த எங்களில் ஒருவருக்காவது மணலைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றியதா? அந்த மணல் இன்றும் சித்தப்பா அறையின் சுவரில் கெட்டியாக இருக்கிறது. சித்தப்பா அதற்குப் போன வருடம்தான் புதுப் பெயிண்ட் அடித்தார்.

அந்த மீன்கள் ஏன் அப்படித் தரையை முட்டின என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. தங்கள் வீடு வந்து சேர்ந்த சந்தோஷத்தில் விளையாடுகின்றன என்று நினைத்துக் கை தட்டினேன்.