சித்தியின் பக்கம் நகர்ந்த தட்டு

என்னைக் கூப்பிட வந்த அன்று, சித்தப்பா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிட்டார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு வேலை ஏதாவது இருக்கிறதா என்று. இல்லை என்றேன். தான் மீன் கொடுக்கும் சூஷி உணவகத்து செஃப், பச்சை மீனைச் சோற்றின் மேல் வைத்துப் பரிமாறுகிறவர், தன்னையும் சித்தியையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார், அவருக்குத் தமிழ் தெரியாது, தனக்கு ஆங்கிலம் வராது, நடுவில் ஒரு ஆள் வேண்டும் என்றார். ஐந்து வருடமாக ஆள் இல்லாமல்தானே பேசிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். மீனைப் பற்றிப் பேச விரலும் தலையாட்டலும் போதும், இது என்னவோ பெரிய பேச்சாகத் தெரிகிறது என்றார்.

கூடவே வந்த சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இவளையா கூட்டிட்டுப் போறீங்க? ரெண்டு பாஷை படிச்சா, ரெண்டுலயும் வாயைத் திறக்க மாட்டா."

"அதுதான் வேணும். சொந்தச் சரக்கு எதையும் சேர்க்க மாட்டா," என்றார் சித்தப்பா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அங்க வந்து என் மூக்கைப் பத்தி மட்டும் எதுவும் சொல்லிடாதம்மா."

அந்த மூக்கைப் பற்றிச் சொல்லாமல் சித்தப்பாவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. துறைமுகத்து ஏலக் கொட்டகையில் ஐஸ் உடைக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. பெட்டியைத் திறந்ததுமே அந்த மீன் ஐஸில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்று சொல்வாராம். முதலில் சிரித்தவர்கள் பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தார்கள். இப்போது அவர் நான்கு உணவகங்களுக்கு மீன் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார். கண்ணைப் பார்ப்பார், செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பள்ளம் மேலே வருகிறதா என்று பார்ப்பார். கடைசியாகத்தான் முகர்வார். அந்தக் கடைசி வேலைக்காகவே கொட்டகையில் அவருக்கு 'மூக்கர்' என்று பெயர்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்து கருகிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்று நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்துத்தான் சித்திக்கு விஷயமே தெரிந்தது. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

மறுநாள் விடியற்காலையிலிருந்து சித்தியும் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தார். சித்தப்பா மீனைப் பார்ப்பார், அழுத்துவார், பிறகு தட்டைச் சித்தியின் பக்கம் லேசாக நகர்த்துவார். சித்தி தோள் பையைச் சரிசெய்வது போலக் குனிந்து முகர்வார். மீன் நல்லதென்றால் பை வலது தோளுக்கு மாறும். இல்லையென்றால் ஒரு இருமல். ஒருமுறை சித்திக்கு நிஜமாகவே ஜலதோஷம் பிடித்து, சித்தப்பா அருமையான மூன்று பெட்டிகளை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். கொட்டகையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. வயதான காலத்தில் இரண்டு பேரும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிகிறார்களே என்று கிண்டல் செய்தார்கள். சித்தப்பா வெட்கப்படுவது போல நடித்தார். சித்தி நடிக்கவில்லை, நிஜமாகவே எரிந்து விழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா தலையைப் படிய வாரி, கல்யாணங்களுக்குப் போடும் சட்டையில் வந்தார். உணவகத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. "இவ்வளவு செலவு பண்ணிக் கட்டினவங்க போர்டு மாட்ட மறந்துட்டாங்க பாரு," என்றார் சித்தி. உள்ளே வெளிர்நிற மரத்தில் ஒரு நீளப் பலகை, அதன் முன் பன்னிரண்டு இருக்கைகள். அன்று விடுமுறை என்பதால் எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம் செஃப் நின்றார். பெரிய கைகள். அந்தக் கைகளில் கத்தி பென்சில் மாதிரி இருந்தது.

சாப்பாட்டுக்கு முன் அவர் பேச்சை ஆரம்பித்தார். அடுத்த மாதம் இன்னொரு கிளை திறக்கிறார். இரண்டு இடத்துக்கும் சித்தப்பா தேர்ந்தெடுக்கும் மீன் மட்டுமே வர வேண்டும், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார். பச்சையாகப் பரிமாறும்போது தப்பை மறைக்க நெருப்பு இல்லை, அதனால் தன்னுடைய வேலையில் பாதி இவருடைய மூக்குதான் என்றார். நான் அப்படியே தமிழில் சொன்னேன். சித்தப்பா தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார். சித்தி சுவரைப் படித்தார்.

முதல் தட்டு வந்தது. விரல் நீளச் சோற்று உருண்டை, அதன்மேல் வெள்ளை மீன், அதற்கும் மேல் காகிதம் போலச் சீவிய பச்சை ஆப்பிள். சித்தப்பா பார்த்தார். பிறகு எட்டு மாதப் பழக்கம் கையை இழுக்க, தட்டை ஒரு அங்குலம் இடது பக்கம் தள்ளினார். சித்தி பையைச் சரிசெய்தபடி குனிந்து நிமிர்ந்தார். பை தோள் மாறியது. தட்டு திரும்பி வந்தது. சித்தப்பா சாப்பிட்டார்.

இரண்டு பேருக்கும் தாங்கள் செய்தது தெரியவில்லை. இரண்டாவது தட்டுக்கும் அதே நடந்தது. மூன்றாவது, கூழாங்கல் மேல் வந்தது. சித்தப்பா கல்லையே நகர்த்தினார். நான் பலகைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். "என்ன, உனக்கும் வேணுமா?" என்று பாதியைப் பிய்த்து எனக்கு வைத்தார்.

ஒவ்வொன்றும் எப்படி இருக்கிறது என்று செஃப் கேட்டுக்கொண்டே இருந்தார். நாக்கில் பாதி ருசி மூக்கோடு போய்விட்டிருந்ததால் சித்தப்பா தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னார். சோறு விரலில் உதிரவில்லை, வாய்க்குள் போனதும் உதிர்கிறது, அது நன்றாக இருக்கிறது என்றார். செஃப் முகம் மலர்ந்தது. ஏழு வருடமாக இதை யாரும் தன்னிடம் சொன்னதில்லையாம்.

ஐந்தாவதாக ஒரு கண்ணாடி மூடி வந்தது. உள்ளே புகை மட்டும்தான் தெரிந்தது. சித்தப்பாவின் முகத்துக்கு நேரே அதைத் தூக்கிவிட்டு, எந்த மரத்துப் புகை என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்றார் செஃப். புகை மேலே போய்க்கொண்டே இருந்தது. சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவர் கை தட்டைச் சித்தியின் பக்கம் தள்ளியது.

செஃப் கத்தியைக் கீழே வைத்தார். ஐந்து தட்டும் அந்த அம்மாவிடம் போய்விட்டுத்தான் உங்களிடம் வருகிறது, ஏன் என்று கேட்டார்.

பதிலுக்கு என்னிடம் ஒரு பொய் தயாராகவே இருந்தது. எங்கள் குடும்பத்தில் எதையும் பகிர்ந்துதான் சாப்பிடுவோம் என்று சொன்னால் நம்பியிருப்பார். சொந்தச் சரக்கு என்று சித்தப்பா சொன்னது இதைத்தான். கேள்வியை மட்டும் அவரிடம் தமிழில் சொன்னேன்.

சித்தப்பா கட்டைவிரலைத் துணியில் நெடுநேரம் துடைத்தார். "சொல்லிடு. மூக்கு போய் எட்டு மாசம் ஆச்சு."

"எட்டு மாசமா அவர் வாங்கினது என் மூக்கை. அதையும் சேர்த்துச் சொல்லு," என்றார் சித்தி.

இரண்டையும் சொன்னேன். செஃப் பின்பக்கம் போனார். சித்தப்பா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார், கிளம்பத் தயாராவது போல. செஃப் மூன்று துண்டு மீனோடு திரும்பி வந்து, சித்தியின் முன் வைத்தார். பார்ப்பதற்கு மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன.

சித்தி இந்த முறை பையைத் தொடவில்லை. நேராகக் குனிந்தார். முதல் துண்டையும் மூன்றாவதையும் இடம் மாற்றினார். "இது இன்னிக்கு வந்தது. இது ரெண்டு நாள். இது அஞ்சு நாள் பதமா வெச்சிருந்தது, கெடல. ஆனா நடுவுல இருக்கிறதை வெங்காயம் வெட்டின பலகைல வெட்டியிருக்கீங்க."

நான் சொல்லி முடித்ததும் செஃப் திரும்பித் தன் சமையலறையைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. எட்டு மாதத்தில் ஒரு மீனைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். பிறகு, முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று சித்தப்பாவைக் கடிந்துகொண்டார். சித்தப்பா தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார். கையெழுத்து இரண்டு பேரும் போட வேண்டும் என்பது செஃப் வைத்த நிபந்தனை. இனிமேல் பையை மாற்றி மாற்றி மாட்ட முடியாது, தோள் வலிக்கிறது, எல்லோர் முன்னாலும் நேராகத்தான் முகர்வேன் என்பது சித்தி வைத்த நிபந்தனை.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தபோது சித்தி போனில் யாரிடமோ வெங்காயக் கதையைச் சொல்லிக்கொண்டு முன்னால் போனார். சித்தப்பா நடையைக் குறைத்து என்னோடு சேர்ந்துகொண்டார்.

"உங்க சித்தி மூக்குல குறை சொல்ல முடியாது. ஆனா எட்டு மாசமா எனக்குக் கிடைக்கிறது ரெண்டே பதில். 'சரி', இல்லைன்னா 'வேண்டாம்'." முன்னால் போகும் சித்தியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அந்தக் கண்ணாடிக்குள்ள இருந்த புகை எப்படிம்மா இருந்துச்சு? ரெண்டு பாஷை படிச்சிருக்கியே, ஏதாவது ஒண்ணுல எனக்குச் சொல்லேன்."