மாசி மகத்துக்கு மீன் பிடிக்கக் கிளம்பியது

காலை ஐந்தேகால். வலங்கைமான் பேருந்து நிறுத்தத்தில் முதலில் கண்ணில் பட்டது ஒரு போலீஸ்காரர். கட்சிக் கொடிக்கம்பத்தின் சிமெண்டு மேடையில் உட்கார்ந்து வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். காக்கி அரைக்கால் சட்டை, மேலே பனியன். தொப்பியைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தார். எங்களைப் பார்த்தார். பிறகு என் தோளில் இருந்த இரண்டு மூங்கில் கழிகளைப் பார்த்தார்.

“எங்க, ஊர்வலமா?”

“மீன் பிடிக்கப் போறோம்.”

“வழியில நம்ம ஆளுங்க நிறுத்துவாங்க. நுனியில தங்கூசி நரம்பு கட்டியிருக்குல்ல, அத மொதல்ல காமிங்க. அப்புறம் பேசுங்க.”

சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போனார். என் மனைவி இதற்குச் சிரிக்கவில்லை. அவள் பேருந்து வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரிப்பூ நிறத்தில் சுங்குடிச் சேலை கட்டியிருந்தாள். மீன் பிடிக்கப் போகிறவர்கள் கட்டும் சேலை இல்லை அது. நான் கவனித்தேன், கேட்கவில்லை.

அது சம்பா அறுவடைக் காலம். கூலியில் அரைப் படி நெல் கூடக் கேட்டு ஊருக்கு ஊர் ஆட்கள் வயலில் இறங்காமல் இருந்தார்கள். சில மிராசுதாரர்கள் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து இறக்கினார்கள். அங்கெல்லாம் கைகலப்பு. ரிசர்வ் போலீஸ் வந்து பள்ளிக்கூடங்களில் தங்கியது. என் மனைவி வேலை பார்த்த பள்ளியிலும் ஒரு பிரிவு வந்து தங்கியதால் பிள்ளைகளுக்கு விடுமுறை. அதில்தான் அவளுக்கு ஓய்வு கிடைத்தது. நான் ஒரு நாளிதழுக்கு வட்டாரச் செய்தியாளன். அறுவடை மாதங்களில் எனக்கு ஓய்வு என்பது கிடையாது. ஆனாலும் மாசி மகத்தை ஒட்டி மூன்று நாள் கேட்டேன். ஆசிரியர் குழுவில் ஒருவர், “நாலு மாவட்டத்துக்குச் செய்தி இருக்கிற நேரத்துல மீன் பிடிக்கப் போறீங்களா?” என்று தொலைபேசியில் கேட்டார். ஆமாம் என்றேன். கடைசியில் சரி என்றார்.

இந்தப் பயணத்தை நாங்கள் நான்கு வருடமாகத் திட்டமிட்டுக்கொண்டிருந்தோம். ஆரம்பித்தது நான்தான். மேட்டூர் அணையை மூடிய பிறகு குடமுருட்டியில் தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கும். அங்கே மாலை வேளைகளில் மண்புழு கோத்துத் தூண்டில் போடுவது என் பழக்கம். கெண்டை கிடைக்கும், சில நாள் கெளுத்தி. திருமணமான புதிதில் ஒரு நாள், உப்புத் தண்ணீரில் ஒரு தடவை தூண்டில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அவள் நாகூருக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவள்.

“எங்க ஊர்ல வந்து நின்னு தூண்டில் போட்டா பொம்பளைங்க வேடிக்கை பாக்க வந்துருவாங்க” என்றாள். “கொளத்துல நிக்கிற கொக்கு மாதிரி இருப்பீங்க.”

“வரட்டுமே.”

“மண்புழுவெல்லாம் அங்க ஆகாது. உப்புத் தண்ணி பட்டா ஒரு நிமிஷத்துல செத்து வெளுத்துரும். எறால் கோக்கணும்.”

இப்படித்தான் அது தொடங்கியது. எங்கள் திருமணம் சுயமரியாதை முறையில், ஒரு மாலை மாற்றி, கும்பகோணத்தில் நடந்தது. அந்த வகைத் திருமணம் செல்லும் என்று சட்டம் வந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. சட்டம் வந்தது வேறு, வீடுகள் வேறு. நெல் விளைவிக்கிற என் வீட்டில் ஒரு வருடம் முகம் கொடுக்காமல் இருந்து, பிறகு வழிக்கு வந்தார்கள். அவள் அப்பா வரவில்லை. கட்டுமரம் வைத்திருந்தவர். ஆசிரியப் பயிற்சிக்குக் கும்பகோணம் அனுப்பிய மகள் அங்கேயே ஒரு வெளிச்சாதிக்காரனைக் கட்டிக்கொண்டதை ஊர்ப் பஞ்சாயத்தில் நின்று கேட்க வேண்டியிருந்த மனிதர். அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை. அவள் அம்மா மட்டும் கருவாடு விற்கிற பெண்கள் மூலம் எப்போதாவது சேதி அனுப்புவார்.

மகளாக அந்த ஊருக்குள் போக வழியில்லை. மீன் பிடிக்க வருகிற வெளியூர்க்காரர்களாகப் போகலாம். இதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

போலீஸ் வந்து தங்கியபோது பள்ளியிலிருந்த தஞ்சை மாவட்டப் படத்தை அவள் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அதை விரித்துப் படுத்து விடுவார்கள் என்று பயம். அந்தப் படம் எங்கள் கூடத்துச் சுவரில் தொங்கியது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதன் முன்னால் நின்று திட்டம் போடுவோம். ஆறுகளெல்லாம் கிழக்கே போய்க் கடலைத் தொடும் இடங்களில், வருடக்கணக்காகப் பிள்ளைகள் விரல் வைத்துக் காட்டி நீலம் வெளுத்துப் போயிருந்தது.

“நாகூர்ல தங்கிக்குவோம். தர்காவுக்கு வர்றவங்களுக்கு ரூம் விடுவாங்க. காலையில கரையோட வடக்க நடந்தா ஒரு சவுக்குத் தோப்பு வரும். அதத் தாண்டி ஒரு பூவரசு. அதுக்கு நேரா நின்னு போடுங்க. கெழங்கான் கிடைக்கும்.”

“தோப்புக்கு இந்தப் பக்கமே போடலாமே? நடை மிச்சம்.”

“அங்க ஆகாது.”

“ஏன்?”

“ஆகாதுன்னா ஆகாது.”

பூவரசு மரம் அவள் வீட்டுக்கு நேர் எதிரே நிற்பது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. திட்டத்தில் அவள் சேர்த்த ஒவ்வொரு விஷயமும் இப்படித்தான் இருந்தது. எந்த நேரத்தில் கட்டுமரங்கள் கரையேறும், வலையை எங்கே காயப்போடுவார்கள், எந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காது, யார் வீட்டில் கேட்டால் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பார்கள். கேட்டுக்கொண்டே இருப்பேன். சில மாலைகளில் காற்று கிழக்கிலிருந்து வரும். அப்போது வாசலுக்கு வந்து நிற்பாள். கடல் எங்கோ இருந்தது. எனக்கு அந்தக் காற்றில் வைக்கோல் வாடை மட்டும்தான் தெரிந்தது.

நாளைத் தேர்ந்தெடுத்தது நான். மாசி மகம் பௌர்ணமி. பௌர்ணமியில் தண்ணீர் ஏறும், ஏறுகிற தண்ணீரில் மீன் வரும் என்பது வாய்க்கால் கரையில் நான் கேள்விப்பட்ட கணக்கு. தவிர, சாமி கடலாடப் போகிற நாள் என்பதால் கடற்கரைக்குச் சிறப்புப் பேருந்துகள் விடுவார்கள். ஒரு காலை கரையில் தூண்டில், மறுநாள் யாரையாவது கேட்டுக் கட்டுமரத்தில் கொஞ்ச தூரம். அவள் அதற்கு ஒரு மறுப்பும் சொல்லவில்லை. மகத்தன்று உள்நாட்டுக் கோயில் சாமியைக் குப்பத்து ஜனங்கள் மாப்பிள்ளை என்று கூப்பிட்டு வரவேற்பார்கள் என்று மட்டும் சொன்னாள். “அன்னைக்கு ஊர்ல ஒரு மாப்ளைக்குத்தான் மரியாத. நீங்க ஓரமா நில்லுங்க” என்றாள்.

பேருந்து குடவாசலைத் தாண்டும்போது விடிந்துவிட்டது. இரு பக்கமும் கதிர் சாய்ந்து முற்றிப் போன வயல்கள், அறுக்க ஆளில்லாமல். அப்போதுதான் எனக்குத் தோன்றிற்று.

“மகத்தன்னைக்குக் கட்டுமரம் போகுமா?”

“போகாது” என்றாள். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு. “அன்னைக்கு யாரும் கடல்ல எறங்க மாட்டாங்க. கரையில தூண்டில் போட்டாக்கூட ஏசுவாங்க.”

“இத ஏன் முன்னாடியே சொல்லல?”

“எல்லாரும் கரையில இருப்பாங்கல்ல” என்றாள்.



திருவாரூருக்கு முன்னால் ஒரு மதகடியில் பேருந்து நின்றது. சாலைக்குக் குறுக்கே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் இடுப்பிலும் அறுப்பு அரிவாள். ஆண்கள் பின்னால், மதகுச் சுவரில். முந்தின நாள் வெளியாட்களை இறக்கிய மிராசுதாரரின் லாரி இந்த வழியாகத்தான் வர வேண்டும், அது திரும்பிப் போகிற வரை எதுவும் போகாது என்று நடத்துநரிடம் சொன்னார்கள். சாமிக்குப் போகிறவர்களை மட்டும் நடந்து அந்தப் பக்கம் போக விட்டார்கள். அங்கே திருவாரூரிலிருந்து வந்த பேருந்து ஒன்று திரும்பி நின்றது.

நாங்களும் இறங்கினோம். முன்வரிசையில் இருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். தலையில் துண்டு கட்டியிருந்தார். என் கழிகளைத்தான் முதலில் பார்த்தார்.

“என்னாய்யா இது? எங்களுக்குக் கொடி கட்டவா கொண்டாந்தே?”

“இல்ல, மீன் பிடிக்க.”

“கேட்டீங்களாடி! நாம இங்க சோத்துக்கு ரோட்டுல குந்தியிருக்கோம், அய்யா மீன் கொழம்புக்குக் கெளம்பிட்டாரு.”

வரிசை முழுவதும் சிரித்தது. நான் சாமிக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முன்னால் வந்தாள்.

“மீனும் இல்ல, சாமியும் இல்லக்கா. அது எங்க ஊரு. எங்கப்பாவப் பாக்கப் போறேன். பாத்து நாலு வருஷமாவுது.”

அப்பா என்ற சொல்லை அந்தப் பயணம் தொடர்பாக அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சாலையில், முன்பின் தெரியாத நாற்பது பேர் கேட்கும்படி சொன்னாள்.

“ஏன்டியம்மா நாலு வருஷம்? சீமையிலயா இருக்காரு?”

“இவரக் கட்டிக்கிட்டேன்.”

அந்தப் பெண் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். “இவரையா?” என்றார். மறுபடி சிரிப்பு. பிறகு தன் பக்கத்தில் இருந்தவளின் தோளைத் தட்டினார். இரண்டு பேரும் நகர்ந்து வழி விட்டார்கள். “போ தாயி. சீக்கிரம் போ. அந்த பஸ்ஸும் போயிரும்.”

அவள் அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் அடுத்த அடி வைக்கும்போது மதகுச் சுவரிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். முந்தின வாரம் ஒரு பேச்சுவார்த்தையில் என்னைப் பார்த்தவர். “சார் பேப்பர்காரரு” என்று மற்றவர்களிடம் சொன்னார். அதே சமயம் எங்களுக்குப் பின்னால் போலீஸ் வேன் வந்து நின்றது. தடிகளோடு இறங்கினார்கள்.

“சார், நீங்க போவாதீங்க” என்றார் அவர். “பேப்பர்காரரு நிக்கிறாருன்னு தெரிஞ்சா கை நீட்ட யோசிப்பானுங்க. ஒரு மணி நேரம் நில்லுங்க, போதும்.”

நான் அந்தப் பக்கம் பார்த்தேன். அவள் பேருந்துப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்தே கையால் இருங்கள் என்று காட்டினாள். பிறகு ஏறிக்கொண்டாள். பேருந்து கிளம்பிற்று. திருவாரூர் வரை நேரான சாலை அது. வெகுநேரம் தெரிந்தது.

இன்ஸ்பெக்டரிடம் போய் யார் என்று சொன்னேன். அவர் முகம் சுளித்தார். ஓங்கியிருந்த தடிகள் தாழ்ந்தன. ஒரு மணி நேரம் என்றது மதியம் தாண்டியும் போயிற்று. வெயில் ஏறியபோது, கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி என் கழிகளைக் கேட்டாள். தங்கூசியைக் கழற்றிவிட்டுக் கொடுத்தேன். இரண்டையும் சாலையோர மண்ணில் நட்டு, மேலே ஒரு சேலையைக் கட்டி, குழந்தையை நிழலில் போட்டார்கள். மாலையில் தாசில்தார் வந்து பேசினார். லாரி திரும்பிப் போனது. யாரும் அடிபடவில்லை. ஆகவே மறுநாள் என் செய்தி உள்பக்கத்தில் மிகச் சிறியதாக வந்தது.

செய்தியை அனுப்பிவிட்டு வீடு திரும்பி, அன்றிரவு படத்துக்கு முன்னால் நின்றேன். நாகூர், சவுக்குத் தோப்பு, பூவரசு. தோப்பும் மரமும் படத்தில் கிடையாது. எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் பொழுது சாயும்போது அவள் வந்தாள். சேலை நுனியில் மணல் ஒட்டியிருந்தது.

“பாத்தியா?”

“பாத்தேன்.”

“பேசினாரா?”

“சாமி தண்ணியில எறங்கி ஏறுற வரைக்கும் முதுகக் காட்டிக்கிட்டுத்தான் நின்னாரு. கூட்டம் கலைஞ்சதும் அம்மாகிட்ட, ‘அவ சாப்பிட்டாளா கேளு’ன்னாரு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன்.”

“அப்புறம்?”

“சாப்பிட்டேன். அவரும் வந்து உக்காந்தாரு. ரெண்டாவது தடவ கொழம்ப அவரே ஊத்துனாரு.”

சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய் முகம் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். திரும்பி வந்து, “சித்திரை லீவுல ரெண்டு பேரும் வாங்கன்னு அம்மா சொன்னாங்க. அப்பா கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. வேணாங்கல” என்றாள்.

போலீஸ் பள்ளியைக் காலி செய்த பிறகும் அவள் அந்தப் படத்தை உடனே திருப்பிக் கொண்டுபோகவில்லை. பங்குனி முழுக்க அதன் முன்னால் நின்று பேசினோம். இந்த முறை நாகூரில் அறை கிடையாது, அவள் வீட்டிலேயே தங்குவது. சித்திரையில் தென்காற்று இருக்கும், கரையில் நின்றால் தூண்டில் காலடிக்கே திரும்பி வரும், அப்பாவோடு மரத்தில் போய்விடலாம் என்றாள். அவர் கூட்டிக்கொண்டு போவாரா என்று கேட்டேன். “கேக்காம இருந்தா கூட்டிக்கிட்டுப் போவாரு. கேட்டா மாட்டாரு” என்றாள். கட்டுமரத்தில் உட்கார்ந்து கால் நனையாமல் இருக்க முடியாது, வேட்டியை எப்படிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று காட்டித் தந்தாள். கூடத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பங்குனிக் கடைசியில் ஒரு விடியற்காலை அவள் அப்பா இறந்துபோனார். சேதி வந்ததும் இருவரும் கிளம்பினோம். இந்த முறை வழியில் யாரும் நிறுத்தவில்லை, மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.