மூன்று நாள் நிற்கும் தண்ணீர்

இருபத்திரண்டு வருடம் சாக்கடை அடைப்பு எடுத்ததால் நகராட்சி அலுவலகத்தில் எல்லோரும் அவரை 'அடைப்பு' என்றே கூப்பிட்டார்கள். எங்கே தண்ணீர் தேங்கினாலும் அவருக்குக் கை பரபரக்கும். வீட்டில் பாத்திரத் தொட்டி மெதுவாக வடிந்தால்கூடச் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

முழங்கால் தேய்ந்து குழிக்குள் இறங்க முடியாமல் போனதும், ஊர் எல்லையில் புதிதாக வெட்டிய நாணல் குட்டைக்கு அவரை மாற்றினார்கள். தெருக்களில் ஓடும் மழைத்தண்ணீர் தோட்டத்து உரத்தையும் நாய் அசிங்கத்தையும் அள்ளிக்கொண்டு அதில் வந்து விழும். அதற்கப்புறம்தான் ஏரி.

"இந்த நைட்ரஜன் அப்படியே ஏரிக்குப் போனா பாசி பிடிச்சு மீனெல்லாம் செத்துடும்," என்றார் பொறியாளர் அம்மா. "இங்க மூணு நாள் நின்னா, சேத்துல இருக்கிற கிருமிங்க அதைக் காத்தா மாத்தி விட்டுடும். நாணலும் கொஞ்சம் உறிஞ்சிக்கும். அதுக்குள்ள மதகைத் தொடாதீங்க."

அடைப்பு தலையாட்டினார். முதல் மழைக்குக் குட்டை தளும்பி நின்றது. நெஞ்சில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது. நாலு சுற்றுச் சுற்றினார், பீடி பற்றவைத்தார், அணைத்தார். மத்தியானத்துக்குள் மதகுச் சக்கரத்தைத் திருகிவிட்டார். தண்ணீர் சலசலவென்று ஓடியபோதுதான் மூச்சு வந்தது. பதிவேட்டில் மட்டும் 'மூன்று நாள்' என்று எழுதினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் இதே கதைதான்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. உள்ளே வந்த நைட்ரஜன் அப்படியே வெளியே போயிருந்தது. பழி நாணல் மேல் விழுந்தது. இடுப்பளவுச் சேற்றில் நின்று அதை நட்ட நாற்றுக்காரம்மாவுக்கு, அடுத்து வெட்டப்போகும் இரண்டாவது குட்டையில் வேலை கிடையாது என்றார்கள்.

அவள் ஒரு நாணல் தூரைப் பிடுங்கி வந்து பொறியாளர் அம்மாவின் மேஜை மேலேயே போட்டாள். "வேரைப் பாருங்க மேடம்! இதுவா செத்த நாத்து?"

வாசலில் நின்றிருந்த அடைப்பு சத்தமில்லாமல் நழுவினார்.

அன்றைக்கு அவரால் வீட்டில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலைத் திறந்தார், மூடினார். "என்னத்த முழுங்கிட்டு இப்படிச் சுத்துறீங்க?" என்று மனைவி பிடித்துக்கொண்டாள். சொன்னார்.

"அடுத்தவ வயித்துல அடிச்சிட்டு உங்களுக்கு எப்படிச் சோறு இறங்குது? காலையில மொதல் வேலையா போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னார். பொறியாளர் அம்மா பதிவேட்டை எடுத்துப் புரட்டினார்.

"ஏன் செஞ்சீங்க?"

"தெரியல மேடம். தண்ணி நின்னா என்னால தாங்க முடியல."

மெமோ கொடுத்தார்கள். சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைப் பொறியாளர் அம்மா எடுத்துக்கொண்டார். வேலை மட்டும் தப்பியது.

அடுத்த மழைக்கு மூன்று பகலும் அவர் கரையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தண்ணீர் அசையவே இல்லை. முழங்கால் வீங்கியது. அந்தத் தண்ணீரைச் சோதித்தபோது நைட்ரஜன் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. நாற்றுக்காரம்மாவுக்கு இரண்டாவது குட்டையும் கிடைத்தது.

ஆனால் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் ஒரு பேச்சில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவளே வாய் திறந்தாள்.

"நீங்க நடந்து நடந்து என் நாத்தையெல்லாம் மிதிக்கிறீங்க. கை சும்மா இருக்காதுன்னா, அப்படி ஓரமா உக்காந்து களையாவது பிடுங்குங்க."

"எது களை, எது நாத்து?" என்று கேட்டுக்கொண்டே, காலை நீட்டி ஈரத்தில் உட்கார்ந்தார்.