அத்தானின் வலது காது

என் அத்தான் ஒரு செல்போன் கடையின் சர்வீஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவர். வேலை செய்பவர் என்று சொன்னால் அந்தக் கடையில் இருக்கும் மற்றவர்களின் மனசு புண்படும் என்பதால் உட்கார்ந்திருப்பவர் என்றே சொல்கிறேன்.

போனைத் திறந்து பழுது பார்ப்பது பின்னறையில் இருக்கும் மெக்கானிக்கின் வேலை. அத்தானுடையது, வருகிறவர்களிடம் என்ன கோளாறு என்று கேட்டு, செட்டிங்ஸில் சரியாகிறதா என்று பார்ப்பது. இதில் கேட்பது என்ற முதல் பாதியை அவர் ஒருநாளும் செய்ததில்லை. யாராவது போனை நீட்டி, "சத்தம் கம்மியா வருதுங்க" என்று ஆரம்பித்தாலே போதும். போனைப் பிடுங்கி, வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடிப்பார்.

"இது ரிங்டோன் சத்தம். இது பாட்டுச் சத்தம். இது பேசும்போது வர்ற சத்தம். மூணும் வேற வேற. நீங்க ஒண்ணைக் குறைச்சு வச்சுட்டு போனைத் திட்டுறீங்க. போன்ல ஒண்ணுமில்ல. காதைக் காட்டுங்க!"

அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். எரிச்சலே அதுதான். தப்பாகச் சொல்கிறவனை மன்னித்துவிடலாம்.

ஒருமுறை ஒரு நர்ஸ் வந்தார். பாட்டு போட்டால் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றார். அத்தான் புளூடூத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கடையே அதிரச் சிரித்தார். "உங்க போன் நல்லாத்தான் பாடுதும்மா. உங்க பைக்குள்ள இருக்கிற ஹெட்செட்டுக்குப் பாடிக்கிட்டு இருக்கு. சத்தம் எங்க போகுதுன்னு பார்க்கத் தெரியாதவங்களுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய போன்?" அந்த நர்ஸ் பையிலிருந்து ஹெட்செட்டை எடுத்து அணைத்துவிட்டுப் போனார். அடுத்த போனை வேறு கடையில் வாங்கியிருப்பார்.

கடைப் பிள்ளைகள் அவருக்கு 'வால்யூம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டு அவர் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

என் அக்காவும் அத்தானும் குடியிருக்கும் வீட்டின் மாடியில்தான் நான் இருக்கிறேன். சரக்கு வேன் ஓட்டுகிறேன், அந்தக் கடைக்கும் சரக்கு இறக்குவேன். அதனால் அத்தானைக் கடையில் பார்க்காத நேரத்தில் வீட்டில் பார்க்கும் பாக்கியம் எனக்கு உண்டு. பல் தேய்க்கும்போதே இரண்டு காதிலும் இயர்பட்ஸ் ஏறிவிடும். சாப்பிடும்போதும் இருக்கும். தூங்கப் போகும்போதுதான் கழற்றுவார், அதுவும் அவை சார்ஜுக்குப் போகவேண்டும் என்பதற்காக. அவர் காதுக்கு ஓய்வு வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும்தான்.

அப்படி இருந்தவர் ஒருநாள் வலது பக்கம் சத்தம் குறைகிறது என்றார். இயர்பட்ஸைப் பெட்டியில் போட்டு ரீசெட் செய்தார். போனில் இருந்த இணைப்பை அழித்துவிட்டு மறுபடியும் இணைத்தார். பட்ஸில் சத்தம் வரும் இடத்து வலையைப் பிரஷ்ஷால் துடைத்தார். பிறகு, தினமும் கவுண்ட்டரில் மற்றவர்களுக்குச் செய்துகாட்டும் சோதனையைச் செய்தார். வலது காதில் இருந்ததை இடது காதுக்கும், இடதில் இருந்ததை வலதுக்கும் மாற்றிப் போட்டார். கோளாறு பட்ஸில் இருந்தால் அதோடு சேர்ந்து இடது பக்கம் போகவேண்டும். போகவில்லை. வலது பக்கமே உட்கார்ந்திருந்தது.

இதிலிருந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட ஒரு முடிவுக்கு வரும். அத்தானும் வந்தார்.

"ரெண்டுமே டிஃபெக்ட்டுடா. இப்ப வர்ற சரக்கெல்லாம் இப்படித்தான்."

புதிது வாங்கினார். அதுவும் 'டிஃபெக்ட்'. போனை மாற்றினார். அந்தப் போனும் சரியில்லை. அப்டேட் வந்ததிலிருந்து இப்படி என்றார். செட்டிங்ஸில் இடது வலது என்று ஒரு கோடு இருக்கும், நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை வலது ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தவருக்கு அது கொஞ்சம் பரவாயில்லை என்று பட்டிருக்கிறது. அவருக்குப் பரவாயில்லை என்றால் ஊருக்கே பரவாயில்லை அல்லவா! கடையில் வாடிக்கையாளர்கள் பார்ப்பதற்காக வைத்திருந்த எல்லாப் போன்களிலும் புள்ளியை வலது பக்கம் தள்ளிவிட்டார். ஹெட்போன் போட்டுப் பார்த்தவர்கள் இடது பக்கம் கேட்கவில்லை என்று கழற்றி வைத்துவிட்டுப் போனார்கள். மெக்கானிக் புள்ளியை நடுவுக்குக் கொண்டுவருவார். அத்தான் மறுபடி தள்ளுவார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் வாரக்கணக்கில் இந்தப் போரை நடத்தினார்கள்.

வீட்டில் பழி அக்கா மேல் விழுந்தது.

"ஏன் வாய்க்குள்ளயே முணுமுணுக்கிற? தெளிவாப் பேசேன்."

என் அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் அந்தக் கோடியில் சோம்பி நிற்கும் பிள்ளையைத் தொண்டையாலேயே இந்தக் கோடிக்கு இழுத்து வருபவள். அவளைப் பார்த்து முணுமுணுக்கிறாய் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும், இல்லையென்றால் அடைத்த காது வேண்டும். அவள் முதலில் சிரித்தாள். பிறகு கத்தினாள். கத்தினால், "எதுக்கு இப்படிக் கத்துற, அக்கம்பக்கம் என்ன நினைக்கும்?" என்றார். அதோடு அவள் பேசுவதை நிறுத்திவிட்டு மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தாள். அடுப்படியிலிருந்து ஹாலுக்கு மெசேஜ் போகும். 'சாப்பாடு ரெடி.' 'துண்டு கதவுக்குப் பின்னால்.' 'காது டாக்டரைப் பாருங்கள்.' முதல் இரண்டையும் படிப்பார். மூன்றாவது வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பார்.

"காதுல ஒண்ணுமில்ல. போனைச் சொல்லு" என்பார். கவுண்ட்டரில் இத்தனை வருஷம் சொன்னதைத் தலைகீழாகச் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல்.

இதற்கிடையில் கடை முதலாளி அடுத்த தெருவில் இரண்டாவது கிளை திறந்தார். நாற்காலிகளை என் வேனில்தான் ஏற்றிப்போனேன். திறப்பு விழாவுக்குப் பாட்டுப் பொறுப்பு அத்தானுக்கு. ஆள் உயர ஸ்பீக்கர் ஒன்றை வரவழைத்து, தன் போனோடு புளூடூத்தில் இணைத்து, முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு வைத்தார். வைத்துவிட்டு, "கொஞ்சம் கம்மியா இருக்கோ?" என்று என்னைக் கேட்டார்.

பாட்டு நின்றது. முதலாளி மைக்கைப் பிடித்தார். அவர் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்பது ஊரறிந்த சங்கதி. தகப்பனார் வாட்ச் ரிப்பேர் பார்த்த காலத்திலிருந்து தொடங்கினார். அப்போது அத்தானுடைய போன் அவர் கையில் அதிர்ந்தது. அக்கா. அத்தான் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே படிக்கட்டுக்குப் போய், பச்சைப் பொத்தானைத் தொட்டு, போனைக் காதில் வைத்தார்.

கடைக்குள் ஸ்பீக்கர் பேசியது.

"ஹலோ, கேக்குதா? கேக்காதுன்னு தெரியும். இருந்தாலும் சொல்றேன். காது டாக்டர்கிட்ட இன்னைக்குச் சாயங்காலம் டோக்கன் போட்டிருக்கேன். மெசேஜ் அனுப்பினா பார்க்க மாட்டேங்கறீங்க."

முதலாளி வாட்ச் ரிப்பேரில் நின்றுவிட்டார். கண்ணாடிக்கு வெளியே அத்தான் போனை இன்னும் இறுக்கமாக அழுத்திக்கொண்டு, "ஹலோ! ஹலோ! சத்தமே வரல!" என்று கத்துவது தெரிந்தது. கத்திக்கொண்டே பக்கவாட்டில் இருந்த பொத்தானை அழுத்தி வால்யூமை ஏற்றினார். அவர் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அக்கா கடைக்குள் ஒரு படி உயர்ந்தாள்.

"கடைக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு எத்தனை நாள் மறைப்பீங்க? முதலாளி பேசுறது பாதி விழுறதில்ல, சும்மா தலையை ஆட்டிட்டு வர்றேன்னு வாய் தவறி நீங்கதானே சொன்னீங்க? அந்த அறுவை மிஷின் பேசுறது காதுல விழாம இருக்கிறதே நிம்மதின்னு சிரிப்பு வேற!"

கடைப் பிள்ளைகளில் ஒருத்தி மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. நான் வெளியே ஓடினேன் என்று சொல்லமாட்டேன். நடந்தேன்.

"அத்தான், சத்தம் உள்ள போகுது!"

"என்னது?"

"உள்ள! ஸ்பீக்கர்ல!"

"ஸ்பீக்கர்ல போடணுமா?" என்று கேட்டுவிட்டு, போனில் ஸ்பீக்கர் என்று இருந்ததைத் தொட்டார். அப்போதுதான் அக்கா கடையை விட்டு வெளியேறி அவர் கைக்கு வந்து சேர்ந்தாள். "வாயை மூடிக்கிட்டு அஞ்சு மணிக்கு வந்து சேருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அத்தான் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். நாற்காலியில் இருந்த அத்தனை தலையும் அவர் பக்கம் திரும்பியிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. புளூடூத் தெரிந்த மனிதரல்லவா, விளக்கம் தேவைப்படவில்லை. அவர் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆனதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

முதலாளி, "நான் பேசி முடிச்சுட்டேன், எல்லாரும் காபி சாப்பிடுங்க" என்று மைக்கை வைத்தார். அவர் ஆயுளில் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான் என்று மெக்கானிக் பிற்பாடு சொன்னார்.

சாயங்காலம் நானே வேனில் அழைத்துப் போனேன். வழியில் திடீரென்று, "எங்க அப்பாவுக்குக் கடைசியில சுத்தமாக் கேக்காது" என்றார். "பீரோ மாதிரி ஒரு மூலையில உட்கார்ந்திருப்பார். நாங்க யாரும் அவர்கிட்டப் பேசுறதில்ல. கத்தணுமேன்னு விட்டுட்டோம்."

எனக்கு ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. இத்தனை போனையும் இயர்பட்ஸையும் மாற்றியது வீம்பால் மட்டும் இல்லை, பயத்தாலும்தான் என்று பட்டது. ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "உன் வேன் இன்ஜின்ல ஏதோ கோளாறுடா, சத்தமே வரல பாரு" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

காது டாக்டர் அலுத்துப்போன முகமுள்ள ஓர் அம்மாள். வலது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இடதையும் பார்த்தார்.

"நாள் முழுக்கக் காதுல எதையாவது சொருகி வச்சிருப்பீங்களா?"

"நான் அந்தத் துறையில இருக்கேன் டாக்டர்."

"நான் இந்தத் துறையில இருக்கேன். உள்ள இருக்கிறது அழுக்கு. வெளிய வர வேண்டியதை நீங்களே தள்ளித் தள்ளிச் சுவர் எழுப்பி வச்சிருக்கீங்க. சொட்டு மருந்து விடுங்க. ஊறினதும் வாங்க, கழுவி எடுத்துடலாம்."

சில நாள் கழித்து வெந்நீரைப் பீய்ச்சிக் கழுவி எடுத்தார்கள். வலது காதிலிருந்து வந்ததை நான் வருணிக்கப் போவதில்லை. மிளகு அளவு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். வெளியே பெஞ்சில் இருந்த அக்கா விஷயத்தைக் கேட்டதும் சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்து முடிக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆபரேஷன் வரைக்கும் மனசுக்குள் கணக்குப் போட்டு, ராத்திரியில் தூங்காமல் கிடந்தவள் அவள். அந்தப் பயமெல்லாம் சிரிப்பாக வெளியேறியது. அத்தானுக்கோ அது அவமானமாகப் பட்டது. இவ்வளவு பாடுபட்டதற்கு ஒரு கௌரவமான வியாதிகூடக் கிடைக்கவில்லையே என்று வருந்தினார் என்றுதான் நினைக்கிறேன்.

காது திறந்ததும் மனிதர் திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாடியில் நான் செருப்போடு நடப்பது இடி மாதிரி கேட்கிறது என்று முதல் நாளே புகார் வந்தது. கடையில் பிள்ளைகள் 'வால்யூம்' என்று சொல்லும்போது கூடவே ஒரு சிரிப்பு இருப்பதை இப்போதுதான் கேட்டிருக்கிறார். அதற்காக அவர்களோடு பேச்சை நிறுத்தினார். அவர்களுக்கு அது போனஸ் கிடைத்த மாதிரி இருந்தது.

கவுண்ட்டரில் இன்னும் மோசம். முன்பெல்லாம் "காதைக் காட்டுங்க" என்பது கிண்டல். இப்போது அனுபவஸ்தராகிவிட்டார். சத்தம் கம்மி என்று யார் வந்தாலும் போனைத் தொடுவதே இல்லை. டாக்டரம்மாவின் விலாசத்தைச் சொல்லி அனுப்பிவிடுவார். ஒரு லாரி டிரைவர் அப்படிப் போய், வரிசையில் காத்திருந்து, காதைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"அந்தம்மா என் காது பளிங்கு மாதிரி இருக்குன்னு சொல்லிடுச்சு. போனைப் பார்க்கச் சொல்லுச்சு. பார்ப்பீங்களா, இல்ல அடுத்து கண்ணு டாக்டர்கிட்ட அனுப்புவீங்களா?"

மெக்கானிக் வாங்கிப் பார்த்தார். திரைமேல் ஒட்டும் ஸ்கிரீன் கார்டு கண்ணாடியைத் தப்பாக ஒட்டியதில், மேலே பேச்சு கேட்கும் ஓட்டை மூடியிருந்தது. உரித்ததும் சரியாகிவிட்டது. ஒட்டியது யார் என்று டிரைவர் கேட்டார். எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள்.

முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதைவிடக் கொடுமையான ஒன்றைச் செய்தார். தினமும் காலையில் கடை திறந்ததும் அத்தானைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, எதிரில் நிற்கவைத்து, தகப்பனார் வாட்ச் ரிப்பேர் பார்த்த காலத்திலிருந்து பேசுகிறார். இடையிடையே, "கேக்குதுல்ல?" என்று அன்பாக விசாரிக்கிறார். ஒவ்வொரு சொல்லும் இரண்டு காதிலும் தெளிவாக விழுகிறது.

அக்கா இன்னும் மெசேஜ்தான் அனுப்புகிறாள். ஒருநாள் அத்தான் அடுப்படி வாசலில் போய் நின்று, "இப்பத்தான் நல்லாக் கேக்குதே, வாயைத் திறந்து சொல்லக்கூடாதா?" என்று கேட்டார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்குக் கேக்குது, சரி" என்றாள் அக்கா, கையைத் துடைத்துக்கொண்டே. "எனக்கு இது பழகிடுச்சு. சொன்னதை நீங்க இல்லேன்னு சொல்ல முடியாது. நீங்க பதில் பேசுறதையும் நான் கேக்க வேண்டியதில்ல."

அத்தான் ஏதோ முணுமுணுத்தார். என்னவென்று என் காதில் விழவில்லை. அக்கா திரும்பிப் பார்க்காமல் போனை எடுத்து என்னமோ தட்டினாள். ஹாலில் அவருடைய போன் டிங் என்றது.