மலை மறைத்த வெயில்

செஞ்சியில் பூங்கா ஏது? சங்கராபரணி ஆற்றங்கரையில் புங்கமும் மருதமுமாக அடர்ந்து நின்ற தோப்புப் பாதைதான் எங்களுக்கு இருந்தது. அறுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி முழுக்க, சாயங்காலமானால் என் தங்கையைக் கைத்தாங்கலாக அங்கே நடத்திக்கொண்டு போவேன். அவளுக்கு டி.பி. புருஷன் வீட்டார் எங்களிடம் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்கள். பாவிகள்.

"மரத்தடிக் காத்து நல்லது, நடக்க வையுங்க. ஆனா மூணு வேளையும் சாப்பிட்டு மாத்திரை போடணும். விட்டுட்டா உடம்பு தேறாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அங்கேதான் சிக்கல். நாங்கள் சமணர். பொழுது சாய்ந்துவிட்டால் சோறு மட்டுமல்ல, பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது. நோயாளிக்கு அதெல்லாம் இல்லை என்று நைனா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்டால்தானே! இந்த நோயே ஏதோ பாவத்தின் பலன், இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்பாள்.

வெயிலில் நடந்தால் இருமல், சாப்பிட்டுவிட்டு நடந்தால் வாந்தி. அதனால் தூக்கில் ரசஞ்சோறும் கூஜாவில் வடிகட்டின தண்ணீரும் எடுத்துக்கொண்டு போவேன், நடந்து முடித்ததும் அங்கேயே உட்கார வைத்துக் கொடுத்துவிடலாம் என்று. ஆனால் ஊருக்கு மேற்கே ராஜகிரி மலை நிற்கிறதே! சூரியன் அதற்குப் பின்னால் போனதும் தோப்பு முழுக்க நிழல் விழுந்துவிடும். அவள் தூக்கை மூடிவிடுவாள்.

"இன்னாடி இது? பொழுது போவலடி. மலைக்கு அந்தாண்ட இருக்குது. அவலூர்பேட்டையில இன்னும் வெயிலு காயுது."

"அப்போ அவலூர்பேட்டைக்காரங்க துன்னட்டும். என் கண்ணுக்குத் தெரியலியேக்கா."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்த மலையைப் பெயர்த்து எறிய முடிந்தால் எறிந்திருப்பேன். அப்படி எத்தனை மாத்திரைகள் முந்தானையில் முடிந்தபடியே வீட்டுக்குத் திரும்பி வந்தன!

அன்றைக்குப் பாதி நடையிலேயே ஒரு மருதமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். இருமினாள். ரத்தம். புடவை நனையுமளவுக்கு ரத்தம். நான் போட்ட கூச்சலில், சிங்கவரத்திலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றி வந்த ஒரு வண்டிக்காரர் ஓடிவந்து, மூட்டைகளை ஓரமாகத் தள்ளி அவளைக் கிடத்தினார். நான் ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"தொண்ட காயுதுக்கா."

கூஜாவை வாயருகே கொண்டுபோனேன். அவள் கண் மலைப்பக்கம் போயிற்று. நிழல் விழுந்திருந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"குடிடி! உன் காலப் புடிச்சிக்கிறேன், குடிடி!" அழுதேன், திட்டினேன்.

"பாப்பா, ஒரு வாய் குடிம்மா, சாமி ஒண்ணும் சொல்லாது" என்றார் வண்டிக்காரர். தலையை மட்டும் அசைத்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ரோடு வளைந்தது. மலை சட்டென்று ஒதுங்கியது. முகத்தில் வெயில் அடித்தது. மேற்கே சூரியன் இன்னும் ஒரு பனை உயரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"பாருடி, பொழுது இருக்குது! குடி!" என்று கத்திக்கொண்டே கூஜாவைச் சாய்த்தேன். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. கடைவாய் வழியாகக் கழுத்துக்கு வழிந்து என் மடியை நனைத்தது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து மாட்டை நிறுத்தினார்.