தச்சர் செய்த மருந்து மேசை

அந்தத் தச்சர் உளியைப் பிடித்தால் மரத்துக்கு முன்னால் அவர் கைதான் வெட்டுப்படும். கல்யாணமாகி வந்த வாரமே பெண்டாட்டிக்கு இது விளங்கிவிட்டது. பட்டறை வாசலில் தொட்டி தொட்டியாக வெட்டுக்காயப் பூண்டு வளர்த்தாள். அவர் "ஐயோ" என்றால் நாலு இலையைக் கசக்கிச் சாற்றைப் பிழிந்துவிடுவாள். காயம் ஆறும். ஆறின இடத்திலேயே மனுசன் மறுபடி வெட்டிக்கொள்வார்.

தெருவில் யாருக்கு வெட்டுப்பட்டாலும் பட்டறைக்குத்தான் ஓடிவந்தார்கள். இத்தனை வெட்டு வாங்கியும் பத்து விரலும் முழுசாக இருக்கிறதே, இவரை விட்டால் வேறு வைத்தியன் உண்டா என்று பேச்சு. நாற்காலி கேட்டு மட்டும் ஒருத்தரும் வரவில்லை. தச்சருக்கு அதுதான் நெஞ்சில் தைத்த முள். சாவதற்குள் ஒருத்தராவது தன் வேலையை மெச்ச வேண்டும்.

ஒருநாள் தையல்காரி கத்தரிக்கோல் பட்ட விரலோடு வந்தாள்.

"அண்ணே, சீக்கிரம் இலையைக் கசக்குங்க. ஆமா, துணி வெட்ட ஒரு மேசை வேணும், செய்வீங்களா?"

தச்சர் அவள் விரலை அப்படியே விட்டுவிட்டு அளவு நாடாவைத் தேடி ஓடினார்.

"முதல்ல ரத்தத்தைப் பாருய்யா! மேசை எங்கயும் ஓடிடாது!" என்று பெண்டாட்டி கத்திக்கொண்டே இலையைப் பறித்தாள்.

மேசையை அத்தனை கவனமாகச் செய்தார். கையில் ஒரு கீறல்கூட இல்லை. பெண்டாட்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே வேலை நடக்கிறதா, தூக்கம் நடக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். மேசை அம்சமாக வந்தது. தையல்காரி தட்டிப் பார்த்து, "நல்ல வேலைண்ணே" என்றாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷமே வயிற்றை அடைத்துக்கொண்டது.

கொஞ்ச நாளில் அவள் மூச்சிரைக்க வந்தாள்.

"அண்ணே, உங்க மேசையைத் தீர்த்துடுவாங்க போலிருக்கு!"

போய்ப் பார்த்தால், ஓட்டல் சமையல்காரர் தரையில் உட்கார்ந்து மேசைக்காலைக் கத்தியால் சீவிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் முழங்கால் சிராய்த்த தபால்காரர், தன் முறைக்குக் காத்திருக்கிறார்.

"என்னய்யா பண்றே?"

"உங்க கை பட்ட மரமாச்சே! சீவலை இடிச்சுக் காயத்துல வச்சேன், சிராய்ப்பு ஆறிடுச்சு."

சும்மா விட்டாலும் ஆறுகிற சிராய்ப்பு அது. யார் எடுத்துச் சொல்வது?

"மருந்து இலையில இருக்குய்யா! என் கையில இல்ல! நான் தச்சன்!"

"பெரிய வைத்தியருக்கு எவ்வளவு அடக்கம் பாருங்க" என்றார் தபால்காரர்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, கால்கள் நான்கும் குச்சியாகிவிட்டிருந்தன. தச்சருக்கு அழுகை முட்டியது.

"எனக்கு இன்னொண்ணு செஞ்சு குடுங்கண்ணே" என்றாள் தையல்காரி.

"எனக்கும் ஒண்ணு" என்றார் சமையல்காரர். "வீட்டுல பிள்ளைங்க அடிக்கடி விழுதுங்க. நல்ல தடிமனா இருக்கட்டும், கொஞ்ச நாள் வரணும்."

தச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரோசத்தை ஒரு தட்டிலும் ஆர்டரை ஒரு தட்டிலும் வைத்துப் பார்த்தார். ரோசம் காற்றாய் மேலே போனது.

"கால் உருண்டையா வேணுமா, சதுரமா?"

"சதுரம்ங்க. சீவ வசதி."