மருந்துக் கையும் வால்வு பேஸ்டும்

எங்கள் வீட்டுத் தலையணை உறைகளில் எப்போதும் வெள்ளியாய் ஒரு மினுமினுப்பு ஒட்டியிருக்கும். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அப்பாவின் காது மடிப்பிலும் புருவத்திலும் தங்கி வீடுவரை வந்துவிடும் அலுமினியத் தூள் அது. அம்மா சீயக்காயைக் கையில் கொடுத்து எத்தனை தடவை திருப்பி அனுப்பினாலும் போகாது. "உங்கப்பா படுத்து எந்திரிச்ச இடம் சப்பரம் மாதிரில்லா மினுங்குது" என்பாள்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஊர்களில் மருந்து கலக்குபவருக்கு மரியாதை அதிகம், கூலியும் அதிகம். எதனால் அதிகம் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் ஒரு மத்தியானம், அப்பா தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரத்தில் அவருடைய அறைக்கு அடுத்த அறை வெடித்துச் சிதறியது. அன்று வீடு வந்து சேர்ந்தவரை அம்மா முதலில் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், பிறகுதான் அழுதாள். "இனிமே மருந்து ரூம் படிய மிதிச்சீகன்னா என்னைய இந்த வீட்டுல பாக்க மாட்டீக" என்றாள். அப்பா என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

சத்தியம் சோறு போடாதே. மழைக்காலத்தில் எங்கள் கரிசல் காட்டுப் பாதையில் வேன்கள் அச்சுவரை இறங்கிவிடும், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கம்பெனிகளுக்கு ஆள் போய்ச் சேராது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, மிலிட்டரி ஏலத்தில் போன பழைய ஜீப் ஒன்றை அப்பா கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அது பெட்ரோல் வண்டி. சாத்தூர் போய்த் திரும்புவதற்குள் டாங்க்கை நக்கித் துடைத்துவிடும். டீசல் இன்ஜின் மாற்றினால்தான் கட்டுப்படியாகும் என்று சொன்னவர் என் தாய்மாமா. சாத்தூரில் லாரி மெக்கானிக். வாய் கொஞ்சம் நீளம், கைத்திறமை அதைவிட நீளம்.

மதுரைக் காயலான் கடையில், அடிபட்டு நசுங்கிய வேன் ஒன்றின் டீசல் இன்ஜினை மாமா கண்டுபிடித்தார். சாத்தூர் லேத்தில் கொடுத்து அதன் உருளைகளைக் கடைந்து, புது பிஸ்டன், புது ரிங் போட்டு, பழைய கியர்பாக்ஸோடு சேர்வதற்கு ஒரு தட்டும் செய்து வாங்கினார். அவர் வருவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். மற்ற நாள்களில் எங்கள் முற்றம்தான் ஒர்க்‌ஷாப், நாங்கள் மூன்று பேரும்தான் ஆட்கள்.

அப்பா வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமே! மருந்து அறையில் விரிப்பதுபோல ரப்பர் விரிப்புப் போட்டு, சட்டையைக் கழற்றி, வெறுங்காலோடு உட்காருவார். எந்தச் சாமானையும் இழுக்கக் கூடாது, தூக்கி வைக்க வேண்டும். வைக்கிற சத்தமும் கேட்கக் கூடாது. நான் ஒரு போல்டை "டொக்" என்று போட்டுவிட்டால் அவருடைய தோள் தூக்கிப் போடும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து அவர் வரிசையாக அடுக்கிய சாமான்களைப் பார்த்த மாமா, "மச்சான், ஒங்க முத்தத்துல எல விரிக்காமலே சோறு போடலாம்" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

அந்தச் சுத்தத்தை நம்பித்தான் மாமா வால்வு வேலையை அப்பாவிடம் விட்டார். இன்ஜினின் தலைப்பகுதியில் காற்றும் புகையும் போய்வரும் துவாரங்களை மூடுபவை வால்வுகள். மணல்போல் நறநறக்கும் ஒரு பேஸ்டைத் தடவி, ரப்பர் கிண்ணம் வைத்த குச்சியால் வால்வைப் பிடித்து, கடைகிற மாதிரி உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டித் தேய்க்க வேண்டும். வால்வும் அது உட்காரும் இடமும் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்த வேண்டும். அப்பா எல்லாவற்றையும் முடித்துக் கண்ணாடியாகத் துடைத்து வைத்திருந்தார். மாமா சோதித்துக்கூடப் பார்க்காமல் மாட்டினார்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, மாமா லீவு போட்டு வந்து இன்ஜினை ஜீப்பில் இறக்கினார். திங்கட்கிழமை வண்டி வந்து நின்றால் சீசன் முடிகிறவரை ஆள் ஏற்றும் வேலை அப்பாவுக்குத்தான் என்று ஓடைக்கரைக் கம்பெனி மேனேஜர் சொல்லியிருந்தார். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றியது, வெள்ளைப் புகை கக்கியது, பிடிக்கவில்லை. தெருவே கூடித் தள்ளியது. அப்போதும் பிடிக்கவில்லை. மாமா காற்றுக் குழாயில் காதை வைத்துக்கொண்டு, கையால் இன்ஜினைச் சுற்றச் சொன்னார். "உஸ்ஸுங்குது. காத்து அடையலையே" என்றார்.

தலைப்பகுதியைக் கழற்றிக் கவிழ்த்துத் துவாரங்களில் மண்ணெண்ணெய் ஊற்றினார். ஒவ்வொரு வால்வின் விளிம்பிலும் கசிந்து சொட்டியது.

"மச்சான், தேச்சீகளா, இல்ல தடவிக் குடுத்தீகளா?"

"அழுத்துனா சத்தம் வருதுல்ல" என்றார் அப்பா.

"சத்தம் வரணும் மச்சான்."

அப்பா ஒரு வால்வை எடுத்து மறுபடி துடைக்கத் தொடங்கினார். அவர் இருந்த மருந்து அறையில் ஒன்றை ஒன்று உரசுகிற சத்தம் கேட்டால் அதற்கப்புறம் எதையும் கேட்கவே முடியாது. இத்தனை வருஷம் உயிரோடு இருந்ததே அந்தச் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டதால்தான். அதை எங்கே போய் விட்டுவிட்டு வருவார் மனிதர்?

மாமா, நடுவழியில் நின்ற லாரி ஒன்றைப் பார்க்கக் கோவில்பட்டிக்குப் போக வேண்டியிருந்ததால், மறுநாள் சாயங்காலம் வருகிறேன் என்றார். அவர் போனதும் அப்பா மெதுவாகச் சொன்னார்: "பழைய கம்பெனில கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காக. இந்த ஒரு சீசனுக்கு மட்டும் போயிட்டு வந்துருதேன்."

அம்மா அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. மறுநாள் விடிந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ரப்பர் விரிப்பில் போய் உட்கார்ந்தாள். "ஒங்களுக்கு மருந்துக் கை. இதுக்கு மாவாட்டுற கை வேணும். ஏ புள்ள, இங்கன வந்து பிடி" என்றாள்.

நானும் அம்மாவும் மாற்றி மாற்றித் தேய்த்தோம். உள்ளங்கை எரிந்தது. அந்த "கர்ர் கர்ர்" முற்றம் முழுக்கக் கேட்டது. முதல் வால்விலேயே அப்பா எழுந்து தெருமுனைக்குப் போய்விட்டார். அவருக்குப் பயம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது, அழுகையாக வந்தது. தேய்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றாக முடித்துத் துடைத்தபோது விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் விழுந்திருந்தது. ஊற்றிய மண்ணெண்ணெய் அப்படியே நின்றது.

கடைசி வால்வுக்கு அப்பா திரும்பி வந்தார். "அத எங்கிட்டக் குடு" என்றார். அம்மா குச்சியை நீட்டினாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தித் தேய்த்தார். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு வழியாகச் சொட்டியது, ஒவ்வொரு "கர்ர்"ருக்கும் தோள் தூக்கிப் போட்டது, ஆனாலும் குச்சியை விடவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். அதுவும் நின்றது.

சாயங்காலம் மாமா வந்து தலைப்பகுதியை மாட்டி முடித்ததும் சாவியை அம்மாவிடம் கொடுத்தார். இரண்டு தடவை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. அன்று ராத்திரி நல்ல மழை. திங்கட்கிழமை காலை வேன்கள் பாதையோரம் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்க, பின்னால் தூக்குவாளிகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்த கம்பெனி அக்காமார் கூச்சல் போட, எங்கள் ஜீப் ஓடைச் சேற்றுக்குள் இறங்கிக் கரையேறியது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அப்பா பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பெருமையாக நான் அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் உட்கார்ந்ததில்லை.

இப்போது அந்தப் பாதை தார் ரோடு. ஓடைக்குப் பாலம் வந்துவிட்டது, மினி பஸ்ஸே போகிறது. ஜீப் கைமாறி ஏதோ ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போய்விட்டது. அப்பாவுக்கு எழுபது நெருங்குகிறது, காது கொஞ்சம் மந்தம், மற்றபடி ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார். அன்று அவரோடு மருந்து அறைகளில் நின்றவர்களில், இப்போது அவருக்குத் துணையாக நடப்பதற்கு யாரும் உயிரோடு இல்லை.